ராடு தூக்குபவர்களின் முழங்கை வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் இல்லை. பதினோரு வருடமாக ராடு, அதாவது எடைத்தட்டு மாட்டிய இரும்புக் கம்பி, தூக்குகிறேன். காலை பேட்ச்சில் புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்குவாட் (ராடை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் (படுத்துக்கொண்டு ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) சொல்லிக்கொடுக்கிறேன். நடுவில் எட்டு மாதம் இரண்டு முழங்கையும் என்னைப் படுத்தி எடுத்தன. சொம்பைத் தூக்கினால் வலி, பைக்கில் கிளட்ச் பிடித்தால் வலி, துண்டைப் பிழிந்தால் வலி. அப்போது செய்த தப்புகள், பிறகு தேடிப் படித்தவை, என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டியவர்களிடம் பார்த்தவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். கேள்விகளைக் கூடுமானவரை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

மாஸ்டர், பெஞ்ச் பிரஸ் போடும்போது முழங்கை வலிக்குது. பெஞ்சை நிறுத்திடட்டுமா?

அதற்கு முன் நீங்கள் ஸ்குவாட் போடுவதை நான் பக்கவாட்டில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் ராடு வைத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு வரும் முழங்கை வலியில் பெரும்பங்கு ஸ்குவாட்டில்தான் பிறக்கிறது என்பது என் அனுபவம். அதிலும் ராடைக் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை எலும்பின் மேட்டுக்கு ஒட்டி வைக்கும் லோ-பார் ஸ்குவாட்டில். பெஞ்சில் வலி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். நான்கு மாதம் பெஞ்சை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாரம் மூன்று நாள் ஸ்குவாட் மட்டும் விடாமல் போட்டேன். வலி இம்மியும் குறையவில்லை.

நடப்பது இதுதான். லோ-பாரில் ராடின் எடையை முதுகு தாங்க வேண்டும். கைகளுக்கு இருக்கும் வேலை ராடு உருண்டு இறங்காமல் முதுகோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது மட்டுமே. தோள் இறுகிப்போனவர்களுக்கு, குறிப்பாக நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்கிறவர்களுக்கு, கை அவ்வளவு பின்னால் போகாது. போகாத கையை வம்படியாகப் போகவைத்தால் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும், ராடு உள்ளங்கைக்கு மேலே வந்து உட்காரும். இப்போது எடையில் ஒரு பங்கைக் கையும் சுமக்கிறது. 100 கிலோ ராடில் அந்தப் பங்கு சிறியதாக இருந்தாலும், மடங்கிய மணிக்கட்டு வழியாக அது நேராக முழங்கையின் உட்பக்க எலும்பு முடிச்சில் போய் இழுக்கிறது. ஐந்து செட் (சுற்று), செட்டுக்கு ஐந்து ரெப் (முறை), வாரம் மூன்று நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் கொடுமை, ஸ்குவாட் போடும்போது பலருக்கு வலியே தெரியாது. ராடை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கையை இறக்கும்போது ஒரு சுருக் வரும். அடுத்துப் பெஞ்சில் படுத்ததும் ஆரம்பித்துவிடும்.

சரி, ஸ்குவாட்டில் என்னதான் மாற்றுவது?

போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கிறதா, மணிக்கட்டில் முறிந்து தெரிகிறதா என்று பாருங்கள். முறிந்திருந்தால் கீழே சொல்வதை ஒவ்வொன்றாக முயலுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம்.

முதலில் பிடியை அகலமாக்குங்கள். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் தள்ளிப் பிடித்தாலே பாதிப் பேருக்குத் தோளின் இழுப்பு குறைந்துவிடும். அடுத்து, கட்டைவிரலை ராடுக்குக் கீழே சுற்றாமல் மற்ற விரல்களோடு மேலேயே வையுங்கள். மணிக்கட்டு தானாக நிமிரும். பெஞ்சில் இப்படிப் பிடித்தால் ராடு நழுவி நெஞ்சில் விழும், அங்கே கூடவே கூடாது; ஸ்குவாட்டில் ராடு முதுகில் இருப்பதால் பரவாயில்லை. மூன்றாவது, முழங்கையை வானத்தைப் பார்த்துத் தூக்காதீர்கள். “எல்போவை நல்லா மேலே தூக்கு” என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு சிலர் கோழி இறக்கை மாதிரி விரித்து நிற்பார்கள்.

இதெல்லாம் செய்தும் தோள் வளையவில்லை என்றால் ஆறு வாரத்துக்கு ராடைக் கழுத்தடியில், தோள்சதைமேல் வைக்கும் ஹை-பார் ஸ்குவாட் போடுங்கள். எடை கொஞ்சம் குறையும், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கூடவே தினமும் ஒரு நீளத் துண்டையோ கம்பையோ அகலமாகப் பிடித்துத் தலைக்கு மேலாக முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு முறை கொண்டுபோய் வாருங்கள்.

நான் செய்தது பிடியை அகலமாக்கியதும் கட்டைவிரலை மேலே எடுத்ததும்தான். மூன்றாவது வாரம் வித்தியாசம் தெரிந்தது. முழுசாகப் போக இன்னும் நிறைய நாள் ஆனது.

உள்பக்கம் வலிக்குது, வெளிப்பக்கம் வலிக்குது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டுங்கள். முழங்கையில் உடம்புக்கு அருகில் தடவினால் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். மணிக்கட்டை உள்ளே மடக்குகிற, விரலை மூடுகிற தசைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். ராடு தூக்குகிறவர்களுக்கும், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் சின்-அப் கோஷ்டிக்கும் அதிகம் வருவது இது.

எதிர்ப்பக்கம், வெளியே இருக்கும் முடிச்சில் வலித்தால் டென்னிஸ் எல்போ. மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்துகிற தசைகள் அங்கே பிடித்திருக்கின்றன. உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வைத்து ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வெளிமுடிச்சில் பளிச்சென்று வலித்தால் அநேகமாக அதுதான். உள்ளங்கை கீழே பார்க்க ராடைப் பிடித்துக் கையை மடக்கித் தூக்கும் ரிவர்ஸ் கர்ல், கை திரும்பிய நிலையில் எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோ, நாள் முழுக்க மவுஸ் பிடிப்பது எல்லாம் சேர்ந்து இதைக் கொண்டுவரும்.

பெயரில் டென்னிஸ் இருந்தாலும் அது பெயரளவில்தான். 1873-லேயே ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த வலியை எழுதுகிறவர்களுக்கு வரும் கோளாறாக விவரித்துவிட்டார். பத்து வருடம் கழித்து இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவிய பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் இந்தப் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சச்சின். 2004-ல் அவருக்கு வந்து, 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை வரை போனது. இன்றைக்கும் முழங்கை வலி என்றதும் “சச்சினுக்கு வந்ததா?” என்று கேட்கிற சித்தப்பா ஒருவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்.

பின்பக்கம் முழங்கை நுனிக்குச் சற்று மேலே வலித்தால் டிரைசெப்ஸ் தசைநாண். படுத்துக்கொண்டு ராடை நெற்றிவரை இறக்கி ஏற்றும் ஸ்கல் கிரஷரும், இணைக்கம்பிகளில் உடம்பை இறக்கி ஏற்றும் டிப்ஸும் காரணமாக இருக்கலாம். அதே நுனியில் எலுமிச்சம்பழம் மாதிரி மெத்தென்று வீங்கினால் அது தசைநாண் இல்லை, அங்கே இருக்கும் சிறிய நீர்ப்பை. அது சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், கிருமி சேர்ந்திருக்கலாம். முன்பக்க மடிப்பில் வலித்தால் பைசெப்ஸ் தசைநாண். அதைப் பற்றிக் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்கிறேன்.

இது ஜவ்வு கிழிஞ்சதா, நீரா, வீக்கமா?

நம் ஊரில் எலும்பு இல்லாத எல்லாமே ஜவ்வுதான்! பெரும்பாலும் இதில் கிழிந்தது ஒன்றும் இருக்காது. தசையை எலும்போடு கட்டும் கயிறு தசைநாண். தசைக்கு ரத்த ஓட்டம் நிறைய, சில வாரங்களில் பலம் ஏறிவிடும். தசைநாணுக்கு ரத்தம் குறைவு, அது கெட்டிப்பட மாதங்கள் ஆகும். புதிதாகச் சேர்ந்த பையன் மூன்று மாதத்தில் எடையை இரட்டிப்பாக்குகிறான், அவனுடைய தசை ஒத்துக்கொள்கிறது, கயிறு பின்தங்கி நிற்கிறது.

டாக்டர்கள் இதை டெண்டினைட்டிஸ் என்று எழுதுவார்கள்; பெயரின் முடிவில் ‘ஐட்டிஸ்’ என்று வருவதால் எல்லாரும் இதை அழற்சி என்று எடுத்துக்கொள்கிறோம். நாள்பட்ட டென்னிஸ் எல்போவுக்கு அறுவை செய்தபோது எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த அமெரிக்க அறுவை மருத்துவர் நிர்ஷல் 1979-ல் எழுதியது வேறு. அழற்சிக்குரிய செல்கள் அங்கே பெரிதாக இல்லை. ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய நார்கள் குழம்பிக் கிடந்தன, தாறுமாறாகப் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. பழுதுபார்க்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன வேலை மாதிரி. மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டும் சரியாகவில்லை என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாத்திரை அன்றைய வலியைக் குறைக்கும், நாரை அடுக்கித் தராது. அந்த வேலையை அளவான சுமைதான் செய்யும்.

அப்போ ஒரு மாசம் ஜிம் பக்கமே வராம இருந்தா?

வலி போய்விடும். திரும்பி வந்த இரண்டாவது வாரம் அதுவும் திரும்பி வரும். ஒரு மாத ஓய்வில் கயிறு இன்னும் கொஞ்சம் இளைத்திருக்கும், நீங்களோ பழைய எடையிலிருந்து ஆரம்பிப்பீர்கள்.

முதல் ஐந்து நாள், பத்து நாள் குறைத்துக்கொள்வது சரி. அதற்கு மேல் நான் பின்பற்றுவது ஒரு சின்னக் கணக்கு. வலியே இல்லாததை 0, தாங்கவே முடியாததை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 வரை வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்கும்போது முந்தின நாள் காலையைவிட வலி கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், அடுத்த முறை குறையுங்கள். இந்தக் காலைக் கணக்குதான் முக்கியம். உடம்பு சூடாக இருக்கும்போது தசைநாண் வலி மறைந்துகொள்ளும், அந்த நேரத்துத் தைரியத்தை நம்பி எடையை ஏற்றாதீர்கள்.

முழங்கைக்கு என்று தனியாக என்ன பயிற்சி செய்வது?

மூன்று கட்டமாகச் செய்யலாம்.

வலி உச்சத்தில் இருக்கும்போது அசைவில்லாத பிடிப்பு. ஒரு டம்பெல்லைப் பிடித்து முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை நேராக நிறுத்தி 30 முதல் 45 வினாடி அப்படியே வைத்திருங்கள். நான்கைந்து முறை, நடுவில் ஒன்றிரண்டு நிமிட இடைவெளி. உள்பக்க வலிக்கு உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், வெளிப்பக்க வலிக்குக் கீழே பார்க்க வேண்டும். சிலருக்கு இதிலேயே கொஞ்ச நேரம் வலி மரத்த மாதிரி ஆகும். ஆகாவிட்டாலும் கெடுதல் இல்லை.

அடுத்தது மெதுவாக இறக்குவது. அதே மேசை, அதே டம்பெல், கை மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே. மற்ற கையால் டம்பெல்லைத் தூக்கி மணிக்கட்டை மேலே கொண்டுவாருங்கள், பிறகு வலிக்கிற கை மட்டும் நான்கு வினாடி எடுத்துக்கொண்டு இறக்கட்டும். 15 முறை, மூன்று செட், தினமும். 2 கிலோவில் ஆரம்பியுங்கள். 100 கிலோ பெஞ்ச் போடுகிறவர்கள் 2 கிலோ டம்பெல்லைக் கையில் எடுக்கக் கூச்சப்படுவார்கள், அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து செய்யச் சொல்வேன்.

முறுக்கும் ரப்பர் கம்பு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வெளிப்பக்க வலிக்கு அதைச் செய்யும் விதம்: வலிக்கிற கையில் கம்பைச் செங்குத்தாகப் பிடித்து மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்துங்கள். மற்ற கையால் மேல்முனையைப் பிடித்து முறுக்குங்கள். முறுக்கு அவிழாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். இப்போது நல்ல கையை அசைக்காமல், வலிக்கிற கையின் மணிக்கட்டை மட்டும் மெல்ல விட்டுக்கொடுத்து முறுக்கை அவிழுங்கள். 2010-ல் நியூயார்க்கில் டைலர் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 21 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமான பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு இந்த முறுக்கையும் செய்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. 21 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். செலவு சில நூறு ரூபாய், பக்கவிளைவும் கிடையாது என்பதால் நான் தயங்காமல் சொல்கிறேன்.

மூன்றாவது கட்டம், கனமான எடையை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குவது. மணிக்கட்டு கர்லில் 8 ரெப் வரக்கூடிய எடை, ஏற மூன்று வினாடி, இறங்க மூன்று வினாடி, ஒருநாள் விட்டு ஒருநாள். பலரும் இதற்கு வருவதற்குள் “சரியாயிடுச்சு மாஸ்டர்” என்று விட்டுவிடுகிறார்கள். மறுபடி அவர்களை ஆறு மாதத்தில் பார்ப்பேன்.

மொத்தம் 6 முதல் 12 வாரம். வருடக்கணக்கில் வைத்திருந்த வலி என்றால் இன்னும் கூடும்.

ஜிம்மில் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஸ்குவாட்டுக்கு அடுத்து என் சந்தேகம் சின்-அப் மேல்தான். உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி நேர்க்கம்பியில் தொங்கும்போது கை அதற்கு விருப்பமில்லாத அளவுக்குத் திரும்பி நிற்கிறது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் இணைப்பிடி இருந்தால் அதற்கு மாறுங்கள். நேர் ராடில் கர்ல் போடுவதும் இதே கதை. வளைந்த இஸட் ராடு, இல்லாவிட்டால் சுத்தியல் பிடிக்கிற மாதிரி டம்பெல் கர்ல். ஸ்கல் கிரஷருக்குப் பதில், கேபிளில் மாட்டிய கயிற்றைக் கீழே தள்ளும் புஷ்-டவுன்.

ராடை ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுவரும் பவர் க்ளீன் போடுகிறவர்கள், கை மடங்கிய நிலையில் ராடைத் தரையிலிருந்து பிடுங்குகிறீர்களா என்று பாருங்கள். இழுவை முடியும்வரை கை கயிறு மாதிரி தொங்க வேண்டும்.

பிடியைப் பற்றி ஒன்று. ஒரே நாளில் டெட்லிஃப்ட், ரோ, புல்-அப், கர்ல், கடைசியில் கைவலுவுக்காக என்று கிரிப்பரையும் அமுக்குகிறார்கள். உடம்புக்கு அது முதுகு நாள், கை நாள் என்று தெரியாது. மொத்தமும் அதே முன்கைத் தசைகள், அதே எலும்பு முடிச்சு. வலி இருக்கும் வரை கனமான இழுவைகளுக்கு மணிக்கட்டையும் ராடையும் சேர்த்துச் சுற்றும் ஸ்ட்ராப் மாட்டிக்கொள்ளுங்கள், கிரிப்பரைத் தூக்கிப் போடுங்கள்.

நம் ஊர்க் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை மே மாதத்தில் கை நனைந்து ராடு வழுக்குகிறது, வழுக்கும் ராடை இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிக்கிறோம். பல ஜிம்களில் தரை அழுக்காகும் என்று சாக்பொடி போட விடுவதில்லை. திரவச் சாக் என்று சிறு பாட்டிலில் வருகிறது, அதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ராடின் தடிமனும் கவனிக்க வேண்டியது. ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டி ராடு ஆண்களுக்கு 28 மில்லிமீட்டர், பெண்களுக்கு 25. மலிவு ராடுகள் இதைவிடத் தடியாக, முனைகள் சுழலாமல் துருப்பிடித்து இருக்கும். சிறிய கை உள்ள பெண்கள் அந்தத் தடி ராடில் நாள் முழுக்க இழுத்துவிட்டு “எனக்கு மட்டும் ஏன் வலிக்குது” என்று கேட்கிறார்கள்.

வீட்டு வேலையும் செய்யணுமே அண்ணா. அதுல வலி கூடுமா?

கூடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவது, போர்வை பிழிவது, குடம் தூக்குவது எல்லாமே பிடியும் முறுக்கும் கலந்த வேலை. சனிக்கிழமை துணி துவைத்துவிட்டு ஞாயிறு டெட்லிஃப்ட் போட்டால் முழங்கைக்கு அது இரண்டு நாள் டெட்லிஃப்ட். துணியை யாராவது பிழியட்டும். வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள் அல்லவா. பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்கினால் வெளிப்பக்க வலிக்குச் சற்று இதம்.

பைக் ஓட்டுகிறவர்கள் கிளட்ச் கம்பி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். என் இடது முழங்கை ஆறப் பாதிக் காரணம் மெக்கானிக் கடையில் மாற்றிய கிளட்ச் கேபிள்.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா?

சாதாரணமாக வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் ஏதாவது எழுதிக் கொடுப்பார்கள், ஆனால் வலியே இல்லாதவர்களின் முழங்கையிலும் அந்த மாதிரி மாற்றங்கள் தெரியும். அறிக்கையைப் படித்துப் பயந்துபோய்க் கையை அசைக்காமல் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால், அல்லது கீழே சொல்லும் அபாய அறிகுறிகள் இருந்தால், ஆர்த்தோ டாக்டர் சொல்கிறபடி எடுங்கள்.

ஒரு ஊசி போட்டா ஒரே வாரத்துல சரியாயிடும்னு நண்பர் சொல்றாரு.

ஒரே வாரத்தில் குறையும், அவர் சொல்வது உண்மை. அதற்குப் பின்னால் நடப்பதை அவர் சொல்லவில்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் டென்னிஸ் எல்போ உள்ள 198 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, மூன்றாவது பிரிவு சும்மா பொறுத்திருக்க வேண்டும். முடிவு 2006-ல் வந்தது. ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அப்படிக் குணமானவர்களில் 72 சதவீதத்தினருக்குப் பிறகு வலி திரும்பிவிட்டது. அதே நகரத்தில் 165 பேரிடம் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் சிலருக்கு ஸ்டீராய்டு ஊசியும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 96 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களில் 83. வலி திரும்பியது முன்னவர்களில் 12 சதவீதம் பேருக்கு, பின்னவர்களில் 54 சதவீதம் பேருக்கு.

நான் ஊசி போட்டுக்கொண்டேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. நான்காவது நாள் வலி இல்லை, பத்தாவது நாள் பழைய எடை, இரண்டாம் மாதம் முன்னைவிட மோசம். இந்த எண்களை எல்லாம் நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். கை தூக்கவே முடியாமல் வேலை கெடுகிறவர்களுக்கு டாக்டர் யோசித்து ஒன்று போடலாம். ராடு தூக்குகிறவனுக்கு வலி இல்லாத பத்து நாள் கொடுப்பது ஆபத்தான பரிசு.

சொந்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து ஏற்றும் பி.ஆர்.பி. ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, செலவோ அதிகம். அந்தப் பணத்தை என் கையில் கொடுத்தால் நல்ல பிசியோவிடம் பத்து முறை போய்வருவேன்.

நீவி விடலாமா? புத்தூர்க் கட்டு?

வலிக்கிற முடிச்சுக்குக் கீழே முன்கைச் சதையில் எண்ணெய் போட்டு மெதுவாகத் தேய்த்தால் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். எலும்பு முடிச்சையே பெருவிரலால் அமுக்கி நசுக்குவதில் பயனில்லை.

அடிபட்ட முழங்கை என்றால் கதையே வேறு. விழுந்து, மூட்டு விலகி, அல்லது எலும்பில் அடிபட்டு வீங்கிய முழங்கையை யாரும் நீவக் கூடாது, இழுத்து மடக்கி நீட்டவும் கூடாது. அங்கே தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகும் ஆபத்து உண்டு. நம் நாட்டு எலும்பு மருத்துவர்கள் இதை நிறையப் பார்த்தவர்கள். தசைநாண் வலிக்கு முட்டைக்கட்டு போட்டு மூன்று வாரம் கையை மடித்து வைப்பதும் வேண்டாம். ஓய்வைப் பற்றிச் சொன்னதுதான், இறுக்கம் கூடுதலாகச் சேரும்.

ஸ்லீவ், பெல்ட் மாட்டலாமா?

ஸ்லீவ் சூடாக வைத்திருக்கும், நல்லதுதான். பட்டையாக வரும் பெல்ட்டை எலும்பு முடிச்சின் மேல் கட்டாதீர்கள், இரண்டு விரல் கீழே சதையில் கட்டுங்கள். கழற்றியதும் கை வீங்கி நீலமாக இருந்தால் இறுக்கம் அதிகம்.

சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

எந்த மாத்திரை என்று பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று ‘ஃப்ளாக்சசின்’ முடிவில் வரும் குடும்பம் தசைநாணைப் பலவீனமாக்கி, அரிதாக அறுக்கவும் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இதற்காக இந்த மாத்திரைகளுக்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதிகம் பாதிக்கப்படுவது குதிகால் தசைநாண், கையிலும் வரலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் கூடவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கேட்டாலே இதைக் கிள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். தேவைப்பட்டு டாக்டர் எழுதினால் சாப்பிடத்தான் வேண்டும். நான் கனமாகத் தூக்குகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள், அந்த வாரங்களில் எடையை இறக்குங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு.

அது தசைநாண் இல்லை, நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீர் என்று விரல்வரை போகுமே, அதே அல்நார் நரம்பு. உள்பக்க முடிச்சுக்குப் பின்னால் குறுகிய வழியில் ஓடுகிறது, முழங்கையை மடக்க மடக்க இழுபடுகிறது. இரவில் கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் படுத்துக்கொண்டே மணிக்கணக்கில் போன் பார்க்கிறவர்களுக்கும் விடிகாலையில் மரக்கும். ஒரு துண்டைச் சுருட்டி முழங்கையில் தளர்வாகக் கட்டிக்கொண்டு தூங்கினால் கை முழுசாக மடங்காது. தசைநாண் வலிக்குச் சொன்ன மணிக்கட்டுப் பயிற்சிகளை இதற்குச் செய்ய வேண்டாம். மரப்பு விடாமல் இருந்தாலும், பிடி தளர்ந்தாலும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றினாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கை முன்னும் ஒன்று பின்னும் பார்க்கும் கலப்புப் பிடியில், முன்னால் பார்க்கும் கையில் “டப்” என்று ஏதோ அறுந்த சத்தம், மடிப்பில் நீலம் பாய்ந்து, புஜத்துச் சதை மேலே சுருண்டுகொண்டால் பைசெப்ஸ் தசைநாண் கீழ்முனையில் அறுந்திருக்கலாம். வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஓரிரு வாரத்தில் தைத்தால் சுலபம், தள்ளிப்போனால் தசைநாண் சுருங்கி மேலே ஏறிவிடும். கலப்புப் பிடியில் கையை மடக்கி இழுப்பதுதான் இதற்கு வழிவகுக்கிறது. அந்தக் கை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கட்டும்.

மூட்டு விலகுவது இன்னொன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பளுதூக்கித் தங்கம் வாங்கிய தென்கொரிய வீரர் சா ஜே-ஹ்யோக், 2012 லண்டன் ஒலிம்பிக்கில், ராடை ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்கும் ஸ்னாட்ச்சில் 162 கிலோ முயன்றபோது ராடைத் தலைக்குப் பின்னால் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டார், முழங்கை பெயர்ந்தது. ஸ்னாட்ச் பழகுகிறவர்களுக்கு முதல் நாளே ராடைக் கைவிடக் கற்றுக்கொடுப்பது அதனால்தான்.

எனக்கு ஐம்பத்தி ரெண்டு வயசு, சுகர் இருக்கு. இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா தம்பி?

ஒத்துவரும் ஐயா, காலம்தான் கூடுதலாகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தசைநாண் ஆறுவது மந்தப்படும், புகைபிடித்தால் இன்னும். நான் பன்னிரண்டு வாரம் என்று சொன்னதை நீங்கள் இருபது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடையை வாரம் ஒருமுறைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

பழைய எடைக்கு எப்போ திரும்பலாம்?

காலை வலி இரண்டு வாரம் தொடர்ந்து 0-வோ 1-ஓ என்று இருந்த பிறகு. பெஞ்சில் பழைய எடையின் பாதியில் ஆரம்பித்து, வாரம் 2.5 கிலோ, கூடினால் 5 கிலோ. வார்ம்-அப்பில் வெறும் ராடில் இருபது ரெப்பைத் தவிர்க்காதீர்கள். ஸ்குவாட்டை எப்போதும் பெஞ்சுக்கு முன்னால் வைக்கிறீர்கள் என்றால், சில வாரங்களுக்கு இரண்டையும் வெவ்வேறு நாளுக்கு மாற்றிப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பெஞ்ச் பழைய எடைக்கு வர ஐந்து மாதம் ஆனது, ஸ்குவாட் அதற்கு முன்பே தாண்டிவிட்டது. நேர்க்கம்பியில் உள்ளங்கை முகம் பார்க்கும் சின்-அப்பை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை ஆசைக்கு முயன்று பார்ப்பேன். மூன்றாவது நாள் காலை சொம்பைத் தூக்கும்போது பதில் வந்துவிடும்.